கேட்ட பள்ளி ஒன்று, கிடைத்த பள்ளி ஒன்று: தோட்டப் பட்டணத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பகாவ், கோலக்கெட்டில் போன்ற தோட்டப் பட்டணங்களில் பள்ளி திறக்கும் வாரம் வந்துவிட்டால் சந்தையிலும் கோயிலிலும் ஒரே பேச்சுதான்: "உங்க பிள்ளைக்கு எங்க கிடைச்சது?" பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியைக் கேட்டவருக்கு இடமில்லை என்று பதில் வந்திருக்கும். சீனப்பள்ளிக்கு முயன்றவர், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னத் தமிழ்ப்பள்ளியில் பெயர் கொடுத்திருப்பார். தமிழ்ப்பள்ளி தூரமாகிப் போனதால் மலாய்வழித் தேசியப் பள்ளியில் போட்டவர் இருப்பார். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்குப் பேர்பெற்ற இடைநிலைப்பள்ளியை எதிர்பார்த்து, கடிதத்தில் வேறு பெயரைப் பார்த்தவரும் இருப்பார்.

முதன்முறையாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். உங்களுக்கு இப்போது இரண்டு வேலைகள் இருக்கின்றன. மாற்றம் வேண்டுமென்றால் அதை உரிய இடத்தில், உரிய தாள்களோடு கேட்க வேண்டும். மாற்றம் வரும்வரை, அல்லது வராமலே போனாலும், கிடைத்த பள்ளியில் முழுப் பெற்றோராக நடந்துகொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. "இங்கே அக்கறை காட்டினால் மாற்றம் தரமாட்டார்கள்" என்று சிலர் ஒதுங்கி நிற்கிறார்கள். மாற்ற விண்ணப்பத்தில் பார்ப்பது முகவரி, இடவசதி, காரணம் இவற்றைத்தான். நீங்கள் பள்ளிக் கூட்டத்துக்கு வந்தீர்களா என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

"இடமில்லை" என்றால் என்ன என்று கேளுங்கள்

அந்த ஒரு சொல்லுக்குள் பல காரணங்கள் அடங்கியிருக்கின்றன. எது உங்களுடையது என்று தெரியாமல் மேல்முறையீடு எழுதினால் வீணாகும்.

முதலாம் ஆண்டுப் பதிவு கல்வி அமைச்சின் இணையத்தளத்தில், பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே நடக்கிறது. இணையத்தில் விவரங்களை அனுப்பியதோடு வேலை முடிந்துவிடாது. குறித்த காலத்துக்குள் பள்ளிக்குப் போய்ப் பிறப்புப் பத்திரம் முதலியவற்றைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். இந்த இரண்டாம் படியில் தவறியவர்கள்தாம் அதிகம். அவர்கள் பெயர் கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள், பள்ளியின் பட்டியலில் பெயர் இருக்காது.

இன்னொரு காரணம் நெரிசல். நாடு விடுதலை பெற்ற 1957-இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிகள் நிரம்பின, தோட்டத்துக்குள் இருந்தவை சுருங்கின. அதனால் ஒரே வட்டாரத்தில் ஒரு பள்ளியில் வகுப்பறை போதாமலும், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில் பிள்ளைகள் போதாமலும் இருக்கும். முன்னதைக் கேட்டால் பின்னதைக் காட்டுவார்கள்.

இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றுக்குப் பெரும்பாலும் தொடக்கப்பள்ளி எந்த இடைநிலைப்பள்ளியோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே கணக்கு. தேர்வுப் புள்ளி அங்கே பேசாது. ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, "என் பிள்ளை நல்ல புள்ளி வாங்கியிருக்கான்" என்ற வாதத்துக்குப் பிடிமானம் குறைந்துவிட்டது.

மாற்றம் கேட்கும் கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்புறையில் இவற்றைச் சேருங்கள்: பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, வீட்டு முகவரிக்குச் சான்று, கிடைத்த பள்ளியின் கடிதம் அல்லது இணையத்தில் வந்த முடிவின் அச்சு. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. அண்ணனோ அக்காளோ நீங்கள் விரும்பும் பள்ளியில் படித்தால் அந்தப் பிள்ளையின் பள்ளிச் சான்றும் வேண்டும். உடல்நலக் காரணம் இருந்தால் மருத்துவமனைக் கடிதம்.

தோட்டத்தில் குடியிருப்பவர்கள் முகவரிச் சான்றில்தான் தடுமாறுகிறார்கள். லயத்து வீட்டுக்கு மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் கம்பெனி பெயரில் வரும், சில இடங்களில் பில்லே வராது. தோட்ட ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) சொல்லி, கம்பெனித் தலைப்புத் தாளில் உங்கள் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு எண், எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறீர்கள் என்பது எழுதி, நிர்வாகியின் கையெழுத்தும் சாப்பும் (முத்திரையும்) வைத்து வாங்குங்கள். தேதி விடுபட்ட கடிதத்தைத் திருப்பி அனுப்புவார்கள். சம்பள வாரத்தில் ஆபீஸ் கூட்டமாக இருக்கும், அதற்கு முன்னதாகக் கேளுங்கள்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குமேல் நீட்டாதீர்கள். ஏற்கப்படும் காரணங்கள் தூரம், போக்குவரத்து, வீடு மாறியது, உடல்நலம், உடன்பிறந்தவர் அங்கே படிப்பது போன்றவை. "அந்தப் பள்ளி சரியில்லை" என்று எழுதினால் அது காரணமாகாது, கடிதத்தைப் படிக்கும் அதிகாரியின் மனத்தையும் கசப்பாக்கும். தூரத்தை எண்ணில் காட்டுங்கள்: வீட்டிலிருந்து கிடைத்த பள்ளி எத்தனை கிலோமீட்டர், கேட்ட பள்ளி எத்தனை, அப்பா எத்தனை மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறார், வேன் இருக்கிறதா, இல்லையா.

மாவட்டக் கல்வி இலாகாவில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்ற சாப்பு குத்தித் தேதியோடு வாங்குங்கள். சாப்பு இல்லாத விண்ணப்பம் காணாமற்போனால் உங்களிடம் ஆதாரம் இருக்காது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேளுங்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார் என்று பிரதியின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.

காத்திருக்கும்போது பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் பிள்ளைக்கு அதிகச் சேதம் செய்வது இதுதான். "நாளைக்கு மாறப் போறவன், இங்க ஏன் போகணும்?" என்று ஒரு வாரம் நிறுத்துகிறார்கள். அது மூன்று வாரமாகிறது. அதற்குள் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவது முடிவாகியிருக்கும். பாடநூல்களைக் கொடுத்து முடித்திருப்பார்கள். அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி வழியாகக் கிடைக்கும் 150 வெள்ளி (ரிங்கிட்) பள்ளித் தொடக்க உதவிக்குக் கையெழுத்து வாங்கும் நாள் போயிருக்கும். பிறகு வரும் பிள்ளை எல்லாரும் திரும்பிப் பார்க்கும் பிள்ளையாகிறது.

சட்டமும் இருக்கிறது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மேல்முறையீடு கையில் இருக்கிறது என்பது வருகைப் பதிவேட்டுக்குக் காரணமல்ல.

சீருடைக்காகவும் காத்திருக்க வேண்டாம். தேசியப் பள்ளி, தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி எல்லாவற்றுக்கும் அடிப்படை உடை ஒன்றே: தொடக்கப்பள்ளிப் பையன்களுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும், பெண்பிள்ளைகளுக்குக் கருநீலப் பினஃபோரோ பாஜு கூரோங்கோ, 2021 முதல் கறுப்புக் காலணி. பள்ளிக்குப் பள்ளி மாறுவது லென்சானா (சட்டையில் தைக்கும் பள்ளிச் சின்னம்), கழுத்துப்பட்டை, விளையாட்டு உடை ஆகியவைதாம். லென்சானாவைச் சுற்றிலும் நெருக்கித் தைக்காமல் நான்கு மூலையிலும் இரண்டிரண்டு தையல் போட்டு வையுங்கள். மாறினால் சட்டை கெடாமல் பிரித்துவிடலாம். விளையாட்டு உடையில் ஒரு ஜோடி போதும். ஆனால் முதல் நாளே சின்னம் சட்டையில் இருக்கட்டும். சின்னமில்லாத சட்டையோடு நிற்கும் பிள்ளைக்குத் தான் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவனில்லை என்பது வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

வீட்டில் பேசும் பேச்சு

இரவு எட்டு மணி. அம்மா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோறு பரிமாறிக்கொண்டே பெரியம்மாவிடம் பேசுகிறார்: "என்ன செய்யறது, வேற வழியில்லாம இந்த ஸ்கூல்ல போட்டிருக்கு." பிள்ளை தட்டைப் பார்த்தபடி சாப்பிடுகிறது. மறுநாள் காலை வயிறு வலிக்கிறது என்கிறது. அந்த வலி பொய்யில்லை. தாய்தகப்பன் நம்பாத இடத்துக்குப் போக எந்தப் பிள்ளைக்கும் பயமாகத்தான் இருக்கும்.

பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும் என்றால் மறைக்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "நாங்க வேற பள்ளி கேட்டோம், அங்க இடமில்ல. நீ படிக்கிறவரைக்கும் இதுதான் உன் பள்ளி. உன் டீச்சர் பேரு என்ன, சொல்லு பாப்போம்." தெரியாது என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை. உறவினர் கேட்கும்போது வீட்டார் எல்லாரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "பக்கத்துப் பள்ளிதான். போய்ட்டு வரான்." அவ்வளவு போதும். தாத்தா பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அவர்கள் வாயிலிருந்துதான் "அந்த ஸ்கூலா?" என்ற சொல் வரும்.

ஆசிரியரைப் பற்றிய கோபத்தைப் பிள்ளை தூங்கிய பிறகு பேசுங்கள். சிக்கலை மறைக்கச் சொல்லவில்லை. நாளைக் காலை ஏழரைக்கு அந்த ஆசிரியர் முன் போய் உட்கார வேண்டியது உங்கள் பிள்ளைதான்.

முதல் ஆறு வாரம்

முதல் வாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: வகுப்பாசிரியரின் பெயர், அலுவலகத் தொலைபேசி எண், மாணவர் நலத்துக்குப் பொறுப்பான துணைத் தலைமையாசிரியர் யார், பிள்ளையை ஏற்றி இறக்கும் வாயில் எது. இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வேன்காரரின் எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் வாரத்தில் உதவிகளைக் கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது, அலுவலகத்தில் "ஆர்.எம்.டி." என்று கேட்டால் புரியும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுபவர்கள் நம்மில் அதிகம். பாடநூல்கள் இரவலாகக் கிடைக்கின்றன. ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டும் என்பதால் அன்றே உறை போட்டு, உள்பக்கத்தில் முன்பே இருக்கும் கிழிசல், கிறுக்கல்களைப் படமெடுத்து வையுங்கள்.

மூன்றாம் வாரத்தில் வகுப்பாசிரியரைப் பத்து நிமிடம் சந்தியுங்கள். தேசியப் பள்ளியாக இருந்தால் இங்கே பலர் தயங்குகிறார்கள். மலாய் சரளமாக வராது, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம். சரளம் தேவையில்லை. கீழே உள்ளதைப் பார்த்து மலாய் எழுத்தில் தட்டி அனுப்பினால் போதும் ("சிகு" என்றால் ஆசிரியர்):

"செலாமாட் பெத்தாங், சிகு. சாயா இபு கெபாடா (பிள்ளையின் பெயர், வகுப்பு). சாயா இங்கின் பெர்ஜும்பா சிகு செலாமா 10 மினிட் தெந்தாங் பெம்பலாஜாரான் அனாக் சாயா. பிலா மாசா யாங் செசுவாய்? தெரிமா காசி."

அப்பா அனுப்பினால் "இபு" என்ற இடத்தில் "பாபா" (bapa). மாலை ஆறு மணிக்குமுன் அனுப்புங்கள். இரவு பத்துக்கு வரும் செய்தி ஆசிரியருக்கு உங்களைப் பற்றித் தவறான அறிமுகமாகிவிடும்.

நேரம் அடுத்த தடை. செம்பனைக் குலை வெட்டுபவர் விடியுமுன் கிளம்பி மதியத்துக்குமேல்தான் திரும்புகிறார், காலைப் பள்ளி அதற்குள் முடிந்துவிடும். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் அதே சிக்கல். ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி நாள்காட்டியை வாங்கி, அறிக்கை வாங்கும் நாள், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம் இரண்டையும் குறித்து, அந்த நாள்களுக்கு இப்போதே விடுப்புச் சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் மண்டோர் (மேற்பார்வையாளர்) மறுப்பார், ஒரு மாதம் முன்பு கேட்டால் பெரும்பாலும் ஆள் மாற்றித் தருவார். நேரில் போகவே முடியாதவர் தொலைபேசியில் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஆசிரியர்கள் பலர் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

சந்திப்பில் மூன்று கேள்விகளைத் தாண்டாதீர்கள். பிள்ளை யாரோடு விளையாடுகிறது? வகுப்பில் கேள்வி கேட்கிறதா, வாய் திறக்கிறதா? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் எது? மூன்றாவதற்கு வரும் பதிலைச் செய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து "செய்தோம் சிகு, இவ்வளவு வருகிறது" என்று ஒரு வரி அனுப்புங்கள். அந்த ஒரு வரி உங்களுக்கும் ஆசிரியருக்கும் இடையில் வழியைத் திறந்துவிடும். சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பிச் சொல்லும் பெற்றோர் எந்தப் பள்ளியிலும் குறைவு.

அறிக்கையைப் படிப்பது பற்றி ஒரு சொல். வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை இருக்கும், ஆசிரியர்கள் அதை "டி.பி." என்பார்கள். புள்ளிக்குப் பழகிய நமக்கு 3 என்பது நூற்றுக்கு முப்பது போலத் தோன்றும். அப்படியில்லை. 3 என்பது அந்த ஆண்டுக்குரிய அடிப்படையை எட்டியிருக்கிறது என்பதே. 1, 2 இருந்தால் "எந்தத் திறன் வரவில்லை, 3 ஆக என்ன செய்யத் தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். "ஏன் குறைவு?" என்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் பயனுள்ள பதில் வரும்.

தேசியப் பள்ளியில் தமிழ்: பதினைந்து கையெழுத்து

தமிழ்ப்பள்ளி கிடைக்காமல் தேசியப் பள்ளிக்கு வந்தவர்களின் பெரிய வலி இதுதான். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் போகும். பலர் இதைத் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். 1996 கல்விச் சட்டம் தேசியப் பள்ளியை வரையறுக்கும் இடத்திலேயே, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் அதே பதினைந்துதான். நீங்கள் கேட்பது சட்டம் தரும் உரிமை. ஆனாலும் பணிவாகக் கேட்டால் வேலை விரைவாக நடக்கும்.

செய்யும் முறை இது. முதலில் கணக்கு. பதினைந்து ஒரே வகுப்பில் இருக்க வேண்டியதில்லை, பள்ளி முழுவதற்கும்தான். பள்ளி வாயிலில் வேனுக்குக் காத்திருக்கும் அம்மாக்களிடம் தொடங்குங்கள், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் எண்ணிக்கை நிறையாது. சரியாகப் பதினைந்தில் நிறுத்தாமல் இருபதுக்கு முயலுங்கள், ஏனென்றால் இருவர் பின்வாங்குவார்கள், ஒருவர் பள்ளி மாறுவார்.

பிறகு கடிதம், தலைமையாசிரியருக்கு, மலாயில். தலைப்பு: "பெர்மோஹோனான் மெங்காடாகான் கெலாஸ் பஹாசா தமில்". இரண்டு பத்தி போதும். பின்னால் ஓர் அட்டவணை: பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோரின் பெயர், தொலைபேசி, கையெழுத்து. ஒரே கையெழுத்தில் பலர் பெயரை எழுதினால் சந்தேகம் வரும், ஒவ்வொருவரும் தாமே எழுத வேண்டும். இருவர் அல்லது மூவர் நேரில் போய்க் கொடுங்கள், சாப்பு வாங்குங்கள், மாவட்டக் கல்வி இலாகாவுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

வழியில் வரும் தடைகள் தெரிந்தவைதாம். "ஆசிரியர் இல்லை" என்பது முதல் பதிலாக இருக்கும். அப்போது "எங்கள் விண்ணப்பத்தை இலாகாவுக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்று கேளுங்கள், ஆசிரியரைக் கேட்டுப் பெறும் வழி அதுதான். வகுப்பு கிடைத்தாலும் சில பள்ளிகளில் பள்ளி முடிந்த பிறகே நடக்கும். வேன் அதற்கு முன்பே கிளம்பிவிடும். மூன்றாம் மாதம் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஆறாம் மாதம் வகுப்பே நின்றுவிடும். வகுப்பு தொடங்கும் முன்பே யார் எந்த நாள் எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டு விடுவது என்று பட்டியல் போட்டுவிட்டால் இந்த விபத்தைத் தவிர்க்கலாம். தமிழ் வகுப்பு நின்றுபோவது பெரும்பாலும் போக்குவரத்தால்தான், அக்கறைக் குறைவால் இல்லை.

தேசியப் பள்ளிக்கான தமிழ்ப் பாடத்திட்டம் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தைவிட எளிது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அது போதாமல் தோன்றலாம். வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம், ஒரு பக்கம் உரக்கப் படிக்க வையுங்கள். எழுத்து மறக்காமலிருக்க அதுவே போதும். இடைநிலையில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுக்க விரும்பினால் படிவம் நான்கின் தொடக்கத்திலேயே பள்ளியிடம் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் படிவத்தில் சொன்னால் பதிவுக்கு ஓட வேண்டியிருக்கும், படிக்கவும் காலமிருக்காது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம்

பள்ளியில் பிள்ளை சேர்ந்ததுமே நீங்கள் உறுப்பினர். விரும்பிக் கேட்ட பள்ளி, கிடைத்த பள்ளி என்ற வேறுபாடு அங்கே கிடையாது. தலைமையாசிரியர் அதன் ஆலோசகர். சங்கத்துக்கு நன்கொடை கேட்பார்கள். முடிந்ததைக் கொடுங்கள், ஆனால் அதைக் கட்டினால்தான் பிள்ளையைப் பதிவு செய்வோம் என்று சொல்லக் கூடாது.

ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்போடு சென்ற கூட்டத்தின் குறிப்பும் கணக்கறிக்கையும் வரும். முந்திய இரவு பத்து நிமிடம் கணக்கைப் பாருங்கள்: எவ்வளவு வந்தது, எதற்குப் போனது. தீர்மானம் கொண்டுவர விரும்பினால் அழைப்பில் குறித்த தேதிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் "பொது" என்ற பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள்.

முதல் ஆண்டில் பதவிக்குப் போட்டியிட வேண்டாம். யாரும் எடுக்காத ஒரு சின்ன வேலையை எடுங்கள்: கோத்தோங்-ரோயோங் (கூட்டுத் துப்புரவு) நாளில் தண்ணீரும் பலகாரமும், விளையாட்டுப் போட்டியில் கூடாரம் கட்டுவது, வேன் பட்டியல். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைப்பவர்களுக்கு மண்வெட்டியும் அரிவாளும் பழகியவை. பள்ளித் தோட்ட வேலையில் அந்தக் கை தனியாகத் தெரியும். பிள்ளை அதைப் பார்க்கட்டும். "எங்கப்பா வெட்டின புல்லு" என்று வகுப்பில் சொல்லிக்கொள்ள அதற்கு ஓர் இடம் கிடைக்கும்.

தேசியப் பள்ளிக் கூட்டத்தில் தமிழர் நாலைந்து பேர்தான் இருப்போம். எல்லாரும் ஒரே மேசையில் ஒதுங்கி உட்காருவது இயல்பு. ஒருவராவது வேறு மேசைக்குப் போங்கள்.

குறை சொல்லும் வரிசை

பிள்ளையை யாராவது அடித்தாலோ கேலி செய்தாலோ, ஆசிரியர் தவறாகப் பேசினாலோ சும்மா இருக்கச் சொல்லவில்லை. வரிசை முக்கியம்: வகுப்பாசிரியர், பிறகு மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர், பிறகு தலைமையாசிரியர், பிறகு மாவட்டக் கல்வி இலாகா, அதன்பின் மாநிலக் கல்வி இலாகா. அமைச்சின் இணையப் புகார்த் தளமும் இருக்கிறது. கீழ்ப்படியைத் தாண்டி மேலே போனால் கடிதம் சுற்றித் திரும்பி அந்தத் தலைமையாசிரியர் மேசைக்கே வரும். காயம் பட்டிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே அரசாங்க மருத்துவமனைக்குப் போய் அறிக்கை வாங்கி, அன்றே தலைமையாசிரியரிடம் போங்கள்.

எழுதும்போது தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன வார்த்தை, நீங்கள் கேட்கும் தீர்வு, இவை போதும். "இதனாலதான் இந்த ஸ்கூலே வேணாம்னு சொன்னோம்" என்ற வரியை எழுதிவிட்டால், நியாயமான குறையும் பழைய மனக்கசப்பாகப் படிக்கப்படும். வகுப்புப் புலனக் குழுவில் ஆசிரியரைத் திட்டுவதையும் தவிருங்கள். அந்தச் செய்தியை யாராவது படம்பிடித்து அனுப்ப, அது அரைமணி நேரத்தில் ஆசிரியர் அறைக்குப் போய்ச் சேரும், பிறகு யாரும் உங்களிடம் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

கிடைத்தது சின்னத் தமிழ்ப்பள்ளி என்றால்

150 மாணவருக்குக் குறைவான பள்ளியை அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகை. முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் இணைத்து நடத்தலாம். தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள்: எந்த ஆண்டுகள் இணைந்திருக்கின்றன? ஆங்கிலம் யார் எடுக்கிறார், அவர் அந்தப் பாடத்துக்குப் பயிற்சி பெற்றவரா? மலாய்ப் பேச்சுப் பழக்கம் எப்படி?

குறைகள் உண்டு. பந்தாட்டக் குழுவுக்கு ஆள் சேராது, போட்டி குறைவு. ஆனால் ஆசிரியர் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் என்றால், படிக்கத் தடுமாறும் பிள்ளை பின்வரிசையில் ஒளிய முடியாது. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குப் பெரிய பட்டணப் பள்ளியைவிட இது நல்லது என்பது எங்கள் உறுதியான எண்ணம். உங்கள் ஒரு குடும்பத்தின் பங்கேற்பு இங்கே பத்துக் குடும்பத்துக்குச் சமம்.

படிவம் ஒன்று

மலாயில் அடைவு குறைந்த தமிழ், சீனப்பள்ளி மாணவர்களுக்குப் புகுமுக வகுப்பு இருக்கிறது. அதில் பெயர் வந்தால் ஓராண்டு போகிறதே என்று பெற்றோர் கலங்குகிறார்கள். மலாயில் பாடநூலைப் படித்து விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளை படிவம் ஒன்றில் அறிவியலிலும் வரலாற்றிலும் சேர்ந்தே விழும். முடிவெடுக்குமுன் பிள்ளையை ஒரு மலாய்ச் செய்தித்தாள் பத்தியைப் படித்து, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரிந்துவிடும்.

விரும்பாத இடைநிலைப்பள்ளியில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிலைநிறுத்துவது புறப்பாடம்தான். சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு மூன்றிலும் முதல் மாதமே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு. அதைவிட, மாலையில் பள்ளியில் தங்கக் காரணமுள்ள பிள்ளைக்கு அங்கே நண்பர்கள் கிடைப்பார்கள். திரும்பி வர பஸ் இல்லை என்பதே தோட்டப் பிள்ளைகளைப் பயிற்சியிலிருந்து இழுத்துவிடுகிறது. அந்த ஒரு மாலைக்கு மட்டும் மோட்டார்சைக்கிளில் யார் ஏற்றி வருவது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஆண்டு முடிவில்

பதினோராம் மாதவாக்கில் மறுபடி உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைக்குப் பெயர் சொல்லும் அளவுக்கு இரண்டு நண்பர்கள் இருக்கிறார்களா? காலையில் கிளம்பும்போது வயிற்றுவலி நின்றிருக்கிறதா? படிப்பில் ஓர் அடியாவது முன்னே போயிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், மேல்முறையீட்டில் இடம் கிடைத்தாலும் மாற்றுவதற்குமுன் பிள்ளையைக் கேளுங்கள். எழுத்தில் முறையிட்டும் கேலியோ அடியோ நிற்கவில்லை, பயணத்திலேயே பிள்ளை சோர்ந்து போகிறது என்றால் மாற்றத்தை விடாமல் கேளுங்கள். அப்போது உங்கள் கோப்பில் ஓராண்டு வருகைப் பதிவும், ஆசிரியரோடு நடந்த சந்திப்புகளின் தேதிகளும், சாப்பு குத்திய கடிதங்களும் இருக்கும். தொடக்கத்தில் கொடுத்த விண்ணப்பத்தைவிட இது கனமானது.

மாறுவது உறுதியானால் இரவல் பாடநூல்களை எண்ணித் திருப்பிக் கொடுங்கள், தொலைந்ததை ஈடு செய்யுங்கள், மதிப்பீட்டுப் பதிவும் மாற்றுத் தாளும் கையில் வந்ததா என்று பாருங்கள். வகுப்பாசிரியரிடம் பிள்ளையே போய் நன்றி சொல்லிவிட்டு வரட்டும். அடுத்த பிள்ளைக்கு நான்கு வயதாகியிருந்தால், தோட்ட ஆபீசில் முகவரிக் கடிதத்தைக் கேட்கும்போது இரண்டாகவே வாங்கி வையுங்கள்.